நாற்பது நாள் சீனி

பிலோமினா தட்டத்தை மூடியிருந்த துணியை விலக்கினாள். பொன்னிறத்தில் அரியதரம் குவிந்து கிடந்தது.

"இண்டைக்கு உயிர்த்த ஞாயிறு, கமலாசனியக்கா. யேசு எழும்பின நாள். பிள்ளையளுக்கு எடுங்கோ."

"இவ்வளவு சீனிக்கு எங்க போனனீர்?"

"எங்க போறது? தபசு காலம் நாப்பது நாளும் நாங்கள் சீனி தொடுறேல்ல. மிச்சம் பிடிச்சதில பலகாரம் சுட்டு ஒழுங்கை முழுக்கக் குடுக்கிறது அம்மா காலத்து வழக்கம்."

கமலாசனிக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்துக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. கொட்டில் போட இடம் தந்தவளே பிலோமினாதான். வன்னிக்குள் சீனி தங்கவிலை விற்ற நேரம் அது. போன மாதம் ஒரு பின்னேரம் பிலோமினா சீனி போடாத வெறுந்தேத்தண்ணி கொடுத்தாள். அவளும் அதைத்தான் குடித்தாள். ஆனால் குசினித் தட்டில் போத்தில் நிறையச் சீனி இருந்ததைக் கமலாசனியின் கண் கண்டுவிட்டது. அடுத்த நாள் கிணற்றடியில் வாய் சும்மா இருக்கவில்லை.

"போத்தில் முட்டச் சீனி. எங்களுக்குக் கசப்புத் தண்ணி. அகதியளுக்கு நாக்கில்லை எண்டு நினைப்பு!"

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அன்னபாக்கியம்தான் எல்லாரையும்விடக் கூடச் சிரித்தாள்.

"நான் கிணத்தடியில கதைச்சது உமக்கு…"

"காதுக்கு வந்தது," என்றாள் பிலோமினா. "வந்த கோவத்தில போத்திலைத் திறந்து ரெண்டு கரண்டி போட்டுக் குடிச்சுப்போட்டன். நோன்பு முறிஞ்சுது. பிறகு சுவாமியாரிட்டப் போய்ப் பிழையைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தனான்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கமலாசனிக்கு உடம்பு கூசியது. தன் வாய் ஒருத்தியின் விரதத்தையே முறித்திருக்கிறது. சூரன்போருக்கு முதல்நாள் தன் கந்தசஷ்டி விரதத்தை யாராவது அப்படி முறித்திருந்தால் சும்மா விட்டிருப்பாளா?

"தட்டத்தைத் தாரும். நான் தூக்கிறன்."

"ஏனக்கா? நான் கொண்டுபோறன்."

"தாரும் எண்டுறன்."

அன்னபாக்கியம் தன் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு நின்றாள். "என்னடியப்பா, சீனிக்காரிக்கு நீ எடுபிடியோ?"

கமலாசனி தட்டத்தை அன்னபாக்கியத்துக்கு முன்னால் நீட்டினாள். பிலோமினா நிலத்தைப் பார்த்தாள்.

"அண்டைக்கு நான் சொன்னது பிழை, அன்னபாக்கியமக்கா. அது ஒளிச்ச சீனியில்லை. எங்களுக்காக வாயைக் கட்டிச் சேர்த்த சீனி."

அன்னபாக்கியத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. எடுக்கவா விடவா என்று அவள் கை தட்டத்துக்கு மேலே தயங்கியது. அன்று கிணற்றடியில் சிரித்தவர்களின் படலைகள் இன்னும் ஆறேழு இருந்தன. கமலாசனி தலை நிமிராமல் அடுத்ததை நோக்கி நடந்தாள்.