கல்லுப்பாலம் என்ன குடி?

உன்னிச்சைக்குக் கிழக்கே ஆற்றின் மேலாக வாய்க்காலைச் சுமந்து செல்லும் கல்லுப்பாலம், மேசன் கோணாமலை தன் மனைவியிடம் போகும்போதெல்லாம் தண்ணீரை நடு வளைவில் நிறுத்திவிடும். அடைப்பு எதுவும் கிடையாது. மேற்கே வாய்க்கால் தளும்பும், கிழக்கே காய்ந்து கிடக்கும். நடுவில் தண்ணீர் கண்ணாடிச் சுவர்போல நிமிர்ந்து நிற்கும். மீன்கள் அதில் மூக்கை முட்டிக்கொள்ளும்.

எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. ஐந்து வளைவுகளும் சாந்தில்லாமல், கல்லோடு கல் நெரித்து நிற்பவை. சீமெந்து தொடக்கூடாது என்று தொல்பொருள் திணைக்களம் சொல்லிவிட்டதால், நடு வளைவின் உச்சியில் பிதுங்கிய முடிக்கல்லைக் கோணாமலை மெல்லத் தட்டித் தட்டி இருத்தினான். அடம்பிடித்த கல்லிடம், வீட்டு ஞாபகத்தில், "கொஞ்சம் பொறு புள்ள" என்றுவிட்டான். அந்தக் குரலில் ஒருவன் 'புள்ள' என்பது பெண்சாதியை மட்டும்தான். கல் சட்டென்று இருந்துகொண்டது. பாலம் அவனைப் புருஷனாக வரித்துக்கொண்டது. இந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்தவன் பெண் வீட்டில்தான் குடியிருப்பான். பாலமும் அதைத்தான் எதிர்பார்த்தது.

வட்டை வயல்கள் முழுவதும் நெல் குடலை தள்ளி, கதிர் வெளிவரத் தண்ணீருக்குக் காத்திருந்த நேரம். தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை உதயரூபன், கோணாமலையின் மனைவி இலட்சுமிப்பிள்ளையிடம் வந்து கெஞ்சினார்.

"தங்கச்சி, வெள்ளாமை வெட்டுமட்டும் அவன் பாலத்தடியில கிடக்கட்டும்."

"ஏன், உங்கட பெண்சாதி உங்கள ஊருக்கு இரவல் குடுப்பாவா?"

அவர் போனதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நேரே ஆற்றில் இறங்கினாள். சக்களத்தியின் முகத்தைப் பிறாண்டுவதென்றே வளைவுக் கல்லின் பாசியை நகத்தால் உரித்தாள். அடியில் அந்தக் காலத்துக் கல்தச்சன் கொத்திய குறி ஒன்று தெரிந்தது. மாமியாரின் மாடுகளுக்குத் தொடையில் சுட்டிருக்கும் அதே குறி. கோணாமலையின் தாய்வழிக் குடிக்குரியது. ஒரே குடி என்றால் கூடப்பிறந்தவர்கள்.

இலட்சுமிப்பிள்ளை இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "ஒரே குடிக்குள்ளயா கா கலியாணம்? வெக்கமில்லையா உனக்கு? அவர் உன்ர தம்பி!"

கற்கள் வேர்த்தன. தண்ணீர்ச் சுவர் தடாலென்று சரிந்து அவளைத் தலையோடு நனைத்துவிட்டு வட்டைக்கு ஓடியது. கோணாமலை அன்றே வீட்டுக்கு வந்தான். வெள்ளாமை தப்பியது.

இப்போது பாலம் அவளுக்கு மச்சாள் முறை, புருஷனின் அக்கா. கோணாமலை மனைவிக்குப் புதுச் சேலை எடுத்தால் வாய்க்காலில் தண்ணீர் ஒரு சாண் இறங்கும். நடு வளைவுக்கும் ஒன்றைச் சுற்றிவிட்டால் ஏறும். இலட்சுமிப்பிள்ளைதான் சுற்றிவிடுவாள். அந்தச் சேலையின் கரை தன்னுடையதைவிட அகலமா என்று மட்டும் முதலில் விரலால் அளந்துகொள்வாள்.