சுரங்க விடுதியின் ரேடியேட்டர்கள்

வீட்டைச் சூடாக்க, வெந்நீர் ஓடும் வார்ப்பிரும்பு ரேடியேட்டர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தது நான்தான். என் மனைவி கிளாவ்தியாவுக்குப் பளபளவென்ற அலுமினியம் பிடித்திருந்தது.

"அலுமினியம் சீக்கிரம் ஆறிடும்டி. பாய்லர் நின்னா என் மூச்சும் நின்னுடும்" என்றேன்.

இரண்டு முறை நிமோனியாவில் விழுந்து எழுந்தவன் நான். இன்னொரு முறை நெஞ்சில் குளிர் ஏறினால் பிழைக்க மாட்டேன் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அடுக்குமாடி வீட்டில் நகராட்சி மனசு வைத்தால்தான் சூடு வரும். அதனால்தான் அதை விற்றுவிட்டு ஊர்க்கோடியில் தனி வீடு வாங்கினோம். எங்கள் ரஷ்ய யூரல் மலைக் குளிருக்கு ஈவிரக்கம் கிடையாது.

பழைய இரும்பு விற்கும் ரினாத்திடம் ரேடியேட்டர்கள் கிடைத்தன. இடித்துப்போட்ட சுரங்கத் தொழிலாளர் விடுதியிலிருந்து வந்த சரக்கு.

"உங்களையும் என்னையும் புதைச்ச பிறகும் இது இருக்கும், இவானிச்" என்றான் அவன்.

"நல்ல வாய்டா உனக்கு!"

பொருத்திப் பாய்லரை மூட்டிய அன்றே சத்தம் வந்தது. இரும்பு சூடேறினால் முனகத்தான் செய்யும். இது முனகல் இல்லை. டொக், டொக், டொக். கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும்.

அடுக்குமாடிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சூட்டுக்குழாய் எல்லா மாடிக்கும் ஒன்றே. எவனாவது கூத்தடித்தால் ரேடியேட்டரில் கரண்டியால் நாலு போடு போடுவோம். அடங்குடா என்று அர்த்தம். ஆயுள் முழுக்க அப்படியே வாழ்ந்தவள் கிளாவ்தியா. யோசிக்கவே இல்லை, சூப் கரண்டியை எடுத்து டங் டங்கென்று திருப்பி அடித்தாள்.

"சும்மா கிடடா!"

சத்தம் நின்றது. அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது. மேலே கூரை, கீழே மண், பக்கத்து வீடு வேலிக்கு அப்பால். இவள் யாரை அடக்கினாள்?

நேரே ரினாத்திடம் போனேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"விடுதிய மூடப்போற சமயம், இவானிச். மேல் மாடியில ஒருத்தன் தனியா காய்ச்சல்ல கிடந்தானாம். குரல் எழும்பல. ரேடியேட்டர்ல தட்டியிருக்கான். குடிச்சுட்டு ரகளை பண்றான்னு கீழ இருந்தவங்க திருப்பித் தட்டியிருக்காங்க. கொஞ்ச நேரத்துல அவன் நிறுத்திட்டான். இவங்களும் நிம்மதியா தூங்கிட்டாங்க."

"விக்கும்போது சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னடா, படுபாவி?"

"சொன்னா வாங்கியிருப்பீங்களா?"

கழற்றி எறியச் சொன்னாள் கிளாவ்தியா. நடு ஜனவரியில் கழற்றினால் முதல் பிணம் நான்தான். அதனால் அவையும் இருந்தன, சத்தமும் இருந்தது. போகப்போக அவளுக்குப் பயம் விட்டுப்போனது. அது தட்டும், இவள் கரண்டியால் அடிப்பாள். "செத்தும் அடங்குதா பாரு!" என்பாள்.

ஒரு நாள் காலை. அவள் சமையலறையில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள், ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. பின்னறையில் படுத்திருந்த எனக்குத் திடீரென்று மூச்சு அடைத்தது. கூப்பிட வாயைத் திறந்தேன், காற்றுகூட வரவில்லை. கைக்கு எட்டியது தேநீர் ஸ்பூன் ஒன்றுதான். ரேடியேட்டரில் தட்டினேன். டொக், டொக், டொக்.

சமையலறையிலிருந்து பதில் வந்தது. டங்! டங்!

"காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டியா? வாயை மூடுடா!"

ஐயோ, நான்டி! கையிலிருந்து ஸ்பூன் நழுவிக் கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. அந்த விடுதிக்காரன் எப்படிச் செத்திருப்பான் என்று அப்போது புரிந்தது. அழுதேன். பிறகு எதுவும் தெரியவில்லை.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. பக்கத்தில் கிளாவ்தியா, அழுது வீங்கிய முகத்தோடு.

"எப்படிடி வந்தே?"

"எப்படி வந்தேனா? எவ்வளவு அடிச்சும் நீ விட்டாதானே, மனுஷா! வீட்டுல இருக்கிற அத்தனை ரேடியேட்டரும் இடி மாதிரி அதிருது. அலமாரியில தட்டெல்லாம் உருண்டு விழுது. உடைச்சே போடறேன்னு சுத்தியலோட ஓடியாந்தேன். நீ நீலம் பாரிச்சுக் கிடந்தே."

"கிளாவா, நான் மூணு தட்டுதான் தட்டினேன். ஸ்பூன் அப்பவே விழுந்துடுச்சு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீடு திரும்பியதும் ஒரு சின்ன கிளாஸில் வோட்கா ஊற்றி, மேலே கறுப்பு ரொட்டித் துண்டால் மூடி, பின்னறை ரேடியேட்டர் அடியில் வைத்தாள். செத்தவர்களுக்கு நாங்கள் வைப்பது அது. அன்று சாயங்காலம் மறுபடி டொக், டொக், டொக். அவள் கரண்டியைத் தேடவில்லை. எழுந்து போய் இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"வந்துட்டேன்பா. இதோ வந்துட்டேன்."

அதோடு சத்தம் நின்றுவிட்டது. ஒரேயடியாக. அவன் ஆத்மா சாந்தியடைந்துவிட்டது என்று கிளாவ்தியா குறட்டை விட்டுத் தூங்குகிறாள். எனக்குத்தான் கண் மூட முடியவில்லை. அடுத்த முறை மூச்சு அடைத்தால் எனக்காக யார் தட்டுவார்கள்?