தூஜா காதைப் பொத்தினால்

மனு எழுத உட்கார்ந்த சனிக்கிழமை காலையில், பொர்ஜ் ஸைத் ஊரின் எண்ணெய்க்கிடங்குத் தெருவில், லஸ்ஹரின் வீட்டு முற்றத்தில் ஆறு பேர் இருந்தார்கள். வாசலைப் பார்த்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் ஊர் அதிகாரியான உம்தா சி முஞ்ஜி, முத்திரைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. எதிரே பாயில் லஸ்ஹர், இரவெல்லாம் மத்திப் படகில் வலை இழுத்துவிட்டு வந்த கண்கள் சொருக. அடுப்போரம் அவன் அக்கா பெய்யா. உள்ளே வரவும் மாட்டேன், போகவும் மாட்டேன் என்று நிலைப்படியில் எதிர்வீட்டு மேளக்காரன் ஹபீத். தாழ்ந்த மேசையில், காகிதத்துக்கு முன்னால், லஸ்ஹரின் மனைவி சலுவா. எலுமிச்சை மரத்தடியில் ஆறு வயது மகள் தூஜா, குப்பி மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் காதைப் பொத்தினால், அவளைச் சுற்றி இருநூறு காலடிக்கு எந்த ஓசையும் கேட்காது. தபால் நிலையத்தைப் பதினொன்றரைக்கு மூடிவிடுவார்கள். மேல்முறையீடு அனுப்ப அன்றே கடைசி நாள். மணி பத்தேகால்.

ஓசை நின்றுபோவது அந்தத் தெருவுக்கு மூன்றாண்டுப் பழக்கம். தூஜாவின் மூன்றாவது வயதில் ஒருநாள் குக்கர் விசிலடித்தது. அவள் இரு கைகளாலும் காதைப் பொத்தினாள். விசிலோடு சேர்ந்து தெருவும் அடங்கியது. கை எடுத்ததும் எல்லாம் விட்ட இடத்திலிருந்து கேட்டது. முதல் வாரம் பயந்தார்கள், இரண்டாம் வாரம் சபித்தார்கள், மூன்றாம் வாரம் ரொட்டிக்கடைக்காரர் விலையை அட்டையில் எழுதி மாட்டினார். தையற்காரரும் அவர் மனைவியும் போட்ட ஒரு சண்டை, கடைசி வார்த்தையைச் சொன்னது யாரென்று தெரியாமல் நாலு மாதம் நீண்டது. ஜூன் மாதத்தில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் அந்தத் தெருவில்தான் அறை கேட்டு வந்தார்கள், வாடகை ஏறியது. போன ஜூலையில் ஹபீத் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு மணி நேரம் மேளம் அடித்தான். தோல் அதிர்ந்தது, வியர்வை கொட்டியது, ஒரு சத்தம் இல்லை. மேளத்தைப் பார்க்கத்தான் செய்தோம் என்று மாப்பிள்ளை வீட்டார் பாதிக் கூலிதான் கொடுத்தார்கள்.

தலைவலிக்காரப் பெண்கள் முட்டையும் சர்க்கரை பூசிய பாதாமும் கொண்டுவந்து முற்றத்தில் உட்காரத் தொடங்கினார்கள். வீடு தேடி வந்த அருள் என்று பெய்யா சொன்னாள். சலுவா மகளை சூஸா நகரத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே டாக்டர் ஆட்டிசம் என்றார். பேச்சுப் பயிற்சி தரும் ஃபாத்தன் என்ற பெண்ணிடம் அனுப்பினார். சலுவா தன் காப்பை விற்று மூன்று தடவை ரயிலேற்றிக் கூட்டிப்போனாள். மூன்றாம் தடவை தூஜா தண்ணீர்க் கோப்பையை விரலால் சுட்டிக் காட்டினாள். அதுவரை அவளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பாள், அவ்வளவுதான். எது வேண்டுமென்று சலுவாதான் வீடெல்லாம் தேட வேண்டும். அந்த விரலுக்குப் பிறகு விற்கக் காப்பு இல்லை. மாத முடிவு வரை இடத்தை வைத்திருக்கிறேன், அதற்கு மேல் வரிசையில் நாற்பது பிள்ளைகள் என்றாள் ஃபாத்தன்.

பயிற்சிச் செலவுக்கு அரசு உதவி கேட்டு லஸ்ஹர் மனுப் போட்டான். மே மாதம் உதவிக் குழு நேரில் அழைத்தது. நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு குமாஸ்தா முத்திரையைப் படீரென்று குத்தினான். தூஜா காதைப் பொத்தினாள். லஸ்ஹர் கால் மணி நேரம் பேசினான், தொண்டை புடைக்க, கை ஆட்டி. குழுவினரும் ஏதோ கேட்டார்கள். யார் சொன்னதும் யாருக்கும் எட்டவில்லை. பத்து நாள் கழித்து வந்த தாளில் இப்படி இருந்தது: மனுதாரர் காரணம் எதுவும் கூறவில்லை; குழந்தை அமைதியாகவும் ஒழுக்கமாகவும் காணப்பட்டது; உதவி தேவையில்லை.

இப்போது சி முஞ்ஜி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு யோசனை சொன்னார்.

"அன்னைக்கு லஸ்ஹருக்குத் தொண்டை கட்டிடுச்சுன்னு எழுதும்மா. டாக்டர் சீட்டு நான் வாங்கித் தர்றேன். இந்தச் சத்தம் நிக்கிற கதையெல்லாம் வேணாம். படிக்கிறவன் நம்மளக் கிறுக்குன்னுவான்."

"அதுவே நல்லது," என்றான் லஸ்ஹர், கண்ணைத் திறக்காமல். "ஊர் சிரிச்சது போதும்."

சலுவா அரை மனதாய் ஒரு வரி எழுதினாள்.

"தொண்டை கட்டுச்சாம்!" என்றான் ஹபீத் நிலைப்படியிலிருந்து. "என் மேளத்துக்கும் தொண்டைதான் கட்டுச்சா சி முஞ்ஜி? அதுக்கும் ஒரு சீட்டு வாங்கிக் குடுங்களேன்."

"டேய், நீ அடிச்சாக் கேக்காம இருக்கிறதே ஊருக்குப் புண்ணியம்டா," என்றாள் பெய்யா. "ஏ சலுவா, எதுக்கு இந்த மனு? அவளைப் பழக்கப்போறேன்னு கூட்டிட்டுப் போய், இருக்கிற அருளையும் துரத்தப் போறியா?"

"அக்கா, அருள் உங்களுக்கு. எனக்கு எம்பொண்ணுக்குத் தாகமா பசியான்னு தெரிஞ்சாப் போதும்."

"பெத்தவளுக்குத் தெரியாததையா சூஸாக்காரி சொல்லப்போறா?"

"தெரியலக்கா! ஆறு வருஷமா எனக்குத் தெரியல!"

அது சத்தமாக வந்துவிட்டது. லஸ்ஹர் எழுந்தான், ஹபீத் ஏதோ சொன்னான், பெய்யா கெட்டிலை ணங்கென்று வைத்தாள். தூஜா காதைப் பொத்தினாள்.

பெய்யா அதற்குப் பிறகும் நாலு நல்ல வார்த்தை சொன்னாள் என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது. பிறகு அவளும் வாயை மூடிக்கொண்டாள். மணி பத்து ஐம்பது. தூஜா எழுந்து முற்றத்தில் நடக்கத் தொடங்கினாள், சுவரிலிருந்து மரத்துக்கு, மரத்திலிருந்து சுவருக்கு, நுனிக்காலில். அவளுக்கு எதுவோ வேண்டியிருந்தது. ஆனால் இரண்டு கையும் காதில் இருந்ததால் யார் மணிக்கட்டையும் பிடித்து இழுக்க முடியவில்லை. பெய்யா ரொட்டி நீட்டினாள். இல்லை. தண்ணீர். இல்லை. பாதாம், போர்வை, சிதறிய மூடிகள், சாவிக்கொத்து. குழந்தை ஒவ்வொன்றையும் தாண்டி நடந்தாள், கன்னத்தில் கண்ணீர் வழிய. சலுவா இன்னும் ஆறு பொருள்களைக் காட்டிவிட்டு மேசைக்குத் திரும்பினாள். அவளுக்கு இது தினப்படி. பெய்யா மட்டும் சாவிக்கொத்தைப் பிடித்தபடி நடுமுற்றத்தில் நின்றாள்.

சலுவா தொண்டை கட்டிய வரியை அடித்தாள். நடந்ததை எழுதினாள். குக்கர், தெரு, இருநூறு காலடி, குழுவின் அறை, கணவன் பேசிய கால் மணி நேரம், கோப்பையைச் சுட்டிய விரல். சி முஞ்ஜி குனிந்து ஓரத்தில் 'வேண்டாம்' என்று எழுதினார். அதன் கீழே அவள் 'நடந்தது இதுதான்' என்று எழுதினாள். லஸ்ஹர் இரண்டையும் படித்தான், மனைவியின் கையிலிருந்து பேனாவை வாங்கினான், உம்தாவின் சொல்லை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். இரண்டு சாட்சிக் கையெழுத்து இருந்தால் உம்தா முத்திரை போட்டே ஆக வேண்டும் என்பது விதி. ஹபீத் நிலைப்படியைத் தாண்டி வந்து, ஜூலைக் கல்யாணத்தில் தான் இரண்டு மணி நேரம் மேளம் அடித்தது உண்மை, யாருக்கும் கேட்காததும் உண்மை என்று எழுதிப் பெயரிட்டான். பாதிக் கூலியையும் சேர்த்து எழுதப் போனவனை லஸ்ஹர் தோளைத் தட்டி நிறுத்தினான்.

இரண்டாவது சாட்சிக்கு ஆள் இல்லை. மணி பதினொன்று ஐந்து. பெய்யா சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டுப் பேனாவுக்குக் கை நீட்டினாள். அவளுக்குத் தன் பெயர் மட்டும்தான் எழுத வரும். அதற்கு மூன்று நிமிடம் ஆகும். மற்ற நாலு பேரும் அந்த மூன்று நிமிடத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சி முஞ்ஜி முத்திரையை எடுத்துக் குத்தினார்.

அடியில் சலுவா இன்னும் ஒரு வரி சேர்த்தாள்: எங்கள் மகள் அமைதியானவள் அல்ல; அவளுக்கு என்ன வேண்டுமென்று சொல்லத் தெரியவில்லை; சொல்லக் கற்றுக்கொண்டிருந்தாள்.

அவள் கடிதத்தை உறையிலிட்டு, தூஜாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓசையின்மையும் கூடவே வந்தது. சந்தை அவர்களுக்கு முன்னால் ஐம்பது கடைகளாக அடங்கி, பின்னால் ஐம்பது கடைகளாகத் திரும்பக் கூவியது. மீன்காரர்கள் விலையை விரலில் காட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். ஒரு லாரி ஊதிய ஹாரன் ஓட்டுநரின் முகத்தில் மட்டும் தெரிந்தது. பதினொன்று இருபத்தெட்டுக்குத் தபால் நிலையக் கதவு பாதி சாத்தியிருந்தது. அவள் தோளால் தள்ளினாள். எழுத்தர் தலை தூக்கினார், குழந்தையின் கைகளைப் பார்த்தார், கேட்க வந்ததைக் கேட்காமல் பதிவுத் தபால் சீட்டை எழுதினார். சலுவா உறையின் பசையை நாக்கால் நனைத்து, உள்ளங்கையால் மூன்று முறை அழுத்தி ஒட்டிக் கொடுத்தாள். எழுத்தர் அதைப் பையில் போட்டு, பையின் வாயைக் கட்டி, அரக்கு வைத்தார்.