அக்கா சீவாமல் விட்ட இடம்

ஏழாவது சீவாளியும் சரிப்படவில்லை.

வேலை தொடங்க அரை மணி முன்னாலேயே வந்து, சாய ஆலையின் சாமான் அறையில் மூட்டைமேல் உட்கார்ந்து, கொக்கு அதை ஓபோ குழலின் வாயில் செருகி ஊதிப் பார்த்தான். கழுத்து நீளம் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சம்பளப் புத்தகத்தில்தான் பார்க்க முடியும். மேல் சுரங்கள் வந்தன. கீழ்ச் சுரம் மட்டும் சளி கட்டிய தொண்டை மாதிரி குளறி நின்றது.

சீவாளிக்கு நாணலை மடித்து இரண்டு இதழாக்கி, சின்னக் குழாயில் வைத்து, நூலால் இறுக்கிக் கட்டி, நுனியை வெங்காயத் தோல் அளவுக்குச் சீவ வேண்டும். மூட்டை தூக்கிக் காய்த்த விரல்களுக்கு அது பூனைக்கு முகச்சவரம் செய்கிற வேலை. ஒரு சீவு கூடினாலும் போச்சு. சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

அன்று வியாழன். சனிக்கிழமை பேண்ட் மாஸ்டர் ஒவ்வொருவராக நிறுத்தி வாசிக்கச் சொல்லுவார். ஆலை பேண்டில் இருப்பவனுக்குச் சாமான் அறையில் வேலை. கழிக்கப்பட்டவனுக்கு வெளுப்புக் கூடம். கொக்கு அங்கே நாலு வருஷம் கிடந்தவன். அந்த மருந்து நெடியில் இன்னொரு குளிர்காலம் நின்றால் ஊதுவதற்கு மூச்சே மிஞ்சாது என்று அவனுக்குத் தெரியும்.

பன்னிரண்டு வருஷமாக அவனுக்குச் சீவாளி செய்து கொடுத்தவள் அக்கா. தையல் கூடத்தில் வேலை பார்ப்பவள். உடைந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். போன மாதம் ஒத்திகையில் அவள் கொடுத்த புதுச் சீவாளி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கீழ் இதழில் இடது பக்கம் தடிப்பாக இருந்தது. எல்லார் முன்னாலும் கத்தியை எடுத்துச் சமமாக்கினான்.

"எங்க அக்காவுக்குக் கண்ணு மங்கிருச்சுப்பா. வலது பக்கம் சீவுறா, இடது பக்கத்த மறந்துடுறா."

"முடிச்சப் பாரு, அதுவும் வெளிய துருத்திக்கிட்டு நிக்குது" என்றான் டிரம் அடிப்பவன். "துணிய தைக்கிறதுன்னு நெனச்சிட்டாங்க போல."

சிரிப்பு அடங்கியபோதுதான் பார்த்தான். வாசலில் அவனுடைய சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

பாத்திரத்தை நாற்காலிமேல் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை கத்தி, நூல், நாணல் எல்லாம் பெட்டியோடு அவன் மேசைக்கு வந்து சேர்ந்தன. "கண்ணு நல்லாருக்கிறவங்களே சீவிக்கட்டும்." அதோடு பேச்சு நின்றது. அவனும் வீம்புக்கு, அவள் செய்து வைத்திருந்த மிச்சச் சீவாளிகளையும் சமமாக்கினான். ஒன்றிலும் கீழ்ச் சுரம் வரவில்லை. சரக்கே மோசம் என்று சொல்லிக்கொண்டான். அப்புறம் புத்தகத்தில் போட்டிருந்த அளவை எழுத்துக் கூட்டிப் படித்துத் தானாகவே ஏழு செய்தான். ஏழும் இப்படி.

அன்று மாலை நூல்கண்டு தேடி மேசை இழுப்பறையைக் கவிழ்த்தபோது ஒரு பழைய சீவாளி விழுந்தது. நுனி பிளந்தது, எட்டு வருஷத்துக்கு முந்தியது. ஜன்னல் பக்கம் போய்ப் பிடித்துப் பார்த்தான். அதிலும் இடது பக்கம் தடிப்பு. எட்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா மங்கல் விளக்கில் ஒரே குத்தில் ஊசியில் நூல் கோப்பாள்.

அப்படியென்றால் காரணம் கண் இல்லை.

முடிச்சு மேல் இதழில் இருந்தது. எது மேல், எது கீழ் என்று மாறாமலிருக்கப் போட்ட அடையாளம். வாயில் வைத்தான். தடிப்பு, கீழுதட்டின் இடது ஓரத்தில் உள்ள தழும்பின்மேல் அச்சாக உட்கார்ந்தது. அவனுக்கு ஆறு வயதில் அக்கா இரும்புக் கதவைச் சாத்தியபோது பட்டது. மூன்று தையல். அந்த இடம் இன்றும் புளியங்கொட்டை மாதிரி கல்லாக இருக்கும். ஊதும்போது இதழை அதிகமாக அழுத்தும். அந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் அவள் அங்கே நாணலை விட்டிருக்கிறாள். அதைத்தான் அவன் சீவி எறிந்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டாவதைச் செய்தான். இடது பக்கத்தில் கத்தியே வைக்கவில்லை. கீழ்ச் சுரம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எழுந்தது.

இடைவேளையில் தையல் கூடத்துக்குப் போனான். அக்கா தலை நிமிரவில்லை.

"அக்கா."

"மெஷின் ஓடுது. தள்ளி நில்லு."

"இடது பக்கம் நீ வேணும்னேதான் விட்டிருக்க."

மெஷின் நின்றது. "பன்னெண்டு வருஷத்துல கண்டுபிடிச்சிட்டான் மேதாவி."

"ஏன் சொல்லல?"

"என்னான்னு சொல்ல? நான் கதவச் சாத்தி உன் உதட்டக் கிழிச்சேன், அத வச்சுத்தான் அளவெடுக்கறேன்னா? சொல்லிட்டா ஊதுறப்பெல்லாம் உனக்கு உதட்டு நெனப்புதான்டா இருக்கும்."

"எல்லார் முன்னாலயும் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா."

"பேசிட்டியே."

சீவாளியை நீட்டினான். அவள் வெளிச்சத்தில் பிடிக்கவில்லை. கட்டைவிரலால் ஒருமுறை வருடினாள். "நுனியில இன்னும் ரெண்டு சீவு. மெதுவா."

"நீயே சீவிக் குடேன்."

"எனக்குத்தான் கண்ணு மங்கிருச்சே." துணியை இழுத்து ஊசிக்கடியில் வைத்தாள்.

சனிக்கிழமை மாஸ்டர் முன்னால் முடிச்சு மேலே இருக்கும்படி சீவாளியை வாயில் வைத்தான். பன்னிரண்டு வருஷமாக இல்லாத ஒன்று அங்கே இருந்தது. உதடு. அக்காவின் கை, கதவு, ரத்த ருசி. முதல் சுரம் அரை மூச்சு பிந்தித்தான் வந்தது. கீழ்ச் சுரம் நடுங்கினாலும் உடையவில்லை.

"கீழ சரி" என்றார் மாஸ்டர். "எடுப்புல என்னய்யா தயக்கம்? போன வருஷம் இல்லையே."

"பழகிடும் சார்."

"பழகினா நல்லது. அடுத்த மாசம் மறுபடி கேக்கறேன். அதுவரைக்கும் ஸ்டோர்லயே இரு."

சாமான் அறைக்கு வந்து பெட்டியைத் திறந்து அடுத்த நாணலை எடுத்தான். கத்தி வைக்குமுன் நாக்கு தானாகவே போய்த் தழும்பைத் தொட்டது. தொடாமலிருக்கப் பார்த்தான். முடியவில்லை.