ஜெஸ்லா இன்னும் பதில் சொல்லவில்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டான் என்று என்னைப் பேசக்கூடாது. இந்தக் கதையை நான் தொடங்கியது கொரிய நாடகங்களை நக்கல் பண்ணுவதற்குத்தான். என் மூத்த சகோதரர் ஸஹாப்தீன் நானாவின் மகள் ஜெஸ்லா, மாத்தளையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் போனில் கொரிய நாடகம். அவளைக் கிண்டல் பண்ணலாமென்று பக்கத்தில் உட்கார்ந்த நான், இப்போது அவளுக்கு முன்னால் பார்த்து முடித்து, முடிவைச் சொல்லிக் கெடுக்கிறவனாகிவிட்டேன். இந்த வயதில் இது தேவையா என்று என் மனைவி கேட்கிறாள். கேட்கட்டும்.

“உங்களப் பத்தி ஒரு கதை எழுதட்டா மகள்?” என்று கேட்டேன். அவள் குனிந்து ஒரு கண்ணாடிச் சட்டத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. நான் எழுதத் தொடங்கிவிட்டேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

மழை கொட்டியது. மாத்தளை பஸ் ஸ்டாண்டில் ஜெஸ்லா குடையில்லாமல் நின்றாள். அப்போது பின்னாலிருந்து ஒரு நெடிய கை…

(சரிவராது. ஜெஸ்லாவின் கைப்பையில் எப்போதும் குடை இருக்கும். எங்கள் ஊரில் குடையில்லாமல் இறங்குகிறவளுக்குக் காதல் வராது, காய்ச்சல்தான் வரும்.)

இரண்டாம் முயற்சி:

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். அவன் மூச்சு…

(இதை வாசித்துவிட்டு அவளுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. “எல்லா நாடகத்துலயும் இதே கூத்துதான் சாச்சா. கண்ணாடியக் கழட்டினா ஒடனே அழகியாகிடுறா. பவர் எங்க போச்சு? எனக்கு மைனஸ் நாலு. கழட்டினா மாப்புள மொகமே தெரியாது. அதுக்குப் பொறகு காதல் வந்தா யாரு மேல வந்ததுன்னு எப்படித் தெரியும்?” வெட்டிவிட்டேன்.)

3

ஆக, கதை நகரும் வரைக்கும் என் அபிப்பிராயங்களைச் சொல்கிறேன்.

கொரியக் காதலில் எனக்குப் பிடித்தது அதன் நிதானம். பதினாறு எபிசோட்டில், விரல் படுவதற்கே ஆறு எபிசோட் போய்விடும். பட்டதையும் முன்னாலிருந்து, பின்னாலிருந்து, மேலேயிருந்து என்று திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். எங்களிடம் பெண் பார்க்கிற விஷயம் ஒரே எபிசோட், அதிலும் பாதி நேரம் ரோல்ஸும் தேத்தண்ணியும். பிடிக்காதது கதாநாயகன். பெரிய கம்பனி முதலாளி என்பார்கள், ஒரு நாளாவது ஒழுங்காக வேலை செய்து நான் கண்டதில்லை. இரண்டாவதாக ஒரு பையன் வருவான், அவன்தான் பாவம். குடை பிடிப்பான், சூப் வாங்கி வருவான், கடைசிக்கு முந்திய எபிசோட்டில் சிரித்துக்கொண்டே விலகிவிடுவான். ஜெஸ்லா எப்போதும் அவன் பக்கம். நானும்தான், ஆனால் அவளிடம் ஒத்துக்கொள்வதில்லை.*

* இன்னொன்று. இருவரும் எதிரெதிரே நிற்பார்கள், ஒருவரும் பேசமாட்டார்கள், பின்னால் பியானோ வாசிப்பார்கள். அப்படியென்றால் அவள் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம். இதை நம்பித்தான் நான் கெட்டேன்.

4

றிஸ்கான் பக்கத்து ஊரான உக்குவளைப் பையன். கொரியாவில் வேலை.

(நான் கதைக்காக வைத்தேன் என்று நினைப்பீர்கள். இல்லை. எங்கள் பக்கம் கொரிய மொழி வகுப்புப் போர்ட் தொங்காத சந்தி குறைவு. படித்து, பரீட்சை எழுதி, வேலைக்குப் போனவர்களில் இவனும் ஒருவன்.)

லீவில் வந்தவனைக் கூட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்தார்கள். முன் அறைக் கதவைத் திறந்து வைத்து இருவரையும் கொஞ்ச நேரம் பேசவிட்டார்கள். நான் பக்கத்து அறையில் பேப்பர் வாசித்தேன். பேப்பரில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள்.

“நீங்க கொரியன் நாடகம் பாப்பீங்களா?” என்றாள் ஜெஸ்லா.

“இல்ல. ஷிப்ட் முடிஞ்சு வந்தா தூக்கம்தான். கார் கதவுக்கு றப்பர் செய்ற பெக்டரி.”

“அங்க முதலாளி எப்படி?”

“வயசாளி. முழங்கால் வருத்தம். படி ஏறுறப்ப நான்தான் கையப் புடிக்கிற.”

அவள் சிரித்தாள். கொஞ்சம் கழித்து, “பனி கொட்டுறப்ப அழகா இருக்குமே?” என்றாள்.

“அழகுதான். மொதத் தடவ கொட்டினப்ப யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்திச்சு. வீட்டுக்குக் கோல் எடுத்தேன். இங்க விடியவே இல்ல தானே, யாரும் எடுக்கல்ல.”

(கொரிய நாடகத்தில் முதல் பனி விழும்போது மனசுக்குப் பிடித்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அது சட்டம். பையன் அது தெரியாமலேயே சொன்னான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.)

5

அவர்கள் போன பிறகு நானா என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். “மகள், றிஸ்கானுக்கு உங்கள முடிச்சுக் குடுக்கட்டா? உங்களுக்கு விருப்பமா?”

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குமர்ப்பிள்ளை வெட்கத்தில் வாய் திறக்கமாட்டாள், ஆகவே பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம். ஜெஸ்லா தரையைப் பார்த்தாள். பேசவில்லை. நானா “அல்ஹம்துலில்லாஹ்” என்று போனை எடுத்தார். ஜெஸ்லாவின் உம்மா ஸுபைதா மதினி வட்டலப்ப இனிப்புக்கு முட்டை எடுக்க உள்ளே போனார். எனக்குப் பியானோ கேட்டது. அன்றைக்கே முடிவை எழுதினேன்:

மூன்று வருடங்களுக்குப் பிறகு. கட்டுநாயக்க விமான நிலையம். றிஸ்கான் பெட்டியோடு வெளியே வந்தான். ஜெஸ்லா கையசைத்தாள்.

6

மறுநாள் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் வாசித்தாள். பேனையை எடுத்து ‘மூன்று வருடங்களுக்குப் பிறகு’ என்பதைக் குறுக்கே வெட்டினாள்.

“நான் ஆம்னு எப்ப சாச்சா சொன்னேன்?”

“பேசாம இருந்தீங்க தானே மகள். வெட்கத்துல…”

“நான் வெட்கப்பட்டு எப்பயாவது கண்டிருக்கீங்களா?”

கண்டதில்லை.

“கதை எழுதட்டானு கேட்டப்பவும் பேசாமத்தான் இருந்தேன். அதையும் ஆம்னு எடுத்துக்கிட்டீங்க. வாயில ஸ்க்ரூ இருந்திச்சு சாச்சா.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. “அப்ப பையனப் புடிக்கல்லயா?” என்றேன்.

“புடிச்சிருக்கு. அதுதான் கரச்சல்.” பேனையை மூடினாள். “நாடகத்துல கடைசியா ‘மூணு வருஷத்துக்குப் பொறகு’னு ஒரு எழுத்து வரும். ஒரு செக்கன்தான். பொறகு ரெண்டு பேரும் சந்திப்பாங்க, நீங்க கண்ணத் தொடைப்பீங்க. அந்த மூணு வருஷத்த யாரு இருந்து முடிக்கிற? அவர் நிக்காஹ் முடிச்சுட்டு அடுத்த மாசம் போறார், திரும்பி வர மூணு வருஷம். அவர் விசாவுக்கு என்னக் கூட்டிட்டுப் போக ஏலாது. மாமி வீட்டு அறையில போன வெச்சிக்கிட்டு நான்தான் இருக்கணும். வாப்பா கேட்டப்ப அதத்தான் யோசிச்சேன். யோசிச்சு முடிக்க முந்தி அல்ஹம்துலில்லாஹ் சொல்லிட்டாங்க.”

இத்தனை நாடகம் பார்த்தவன் நான். அந்த எழுத்து வரும்போதெல்லாம் நல்லது, முடியப்போகிறது என்று எழுந்து தேத்தண்ணி போடப் போயிருக்கிறேன்.

“வாப்பாவத் திரும்ப ஒருக்கா கேக்கச் சொல்லுங்க சாச்சா. நான் வாயால சொல்லணும்.”

7

நானா எரிந்து விழுந்தார். “மாப்புள வீட்டுக்குச் சொல்லியாச்சு. இனி என்னத்தக் கேக்கிற? இது என்ன உன்ட கதையா, வெட்டி வெட்டி எழுத?”

மதினி குசினியிலிருந்து வந்தார். “கேளுங்களே. ரெண்டு தடவ கேட்டா வாய் தேஞ்சிடுமா? என்ட நிக்காஹ்வுக்கு என்கிட்ட ஒரு தடவையும் கேக்கல்ல தானே.”

நானா ஒன்றும் பேசவில்லை. நாங்கள் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டோம்.

8

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன். (அ) அவள் வேண்டாமென்கிறாள், இரண்டாவது பையன் வருகிறான். ஆனால் இந்தக் கதையில் இரண்டாவது பையனே இல்லை, இனி எங்கே போய்த் தேட? (ஆ) றிஸ்கான் போகாமல் ஊரிலேயே நின்றுவிடுகிறான். இது எனக்கு ஆசை, அவனுக்கு என்னவென்று தெரியாது. (இ) அவளும் கொரியப் பரீட்சை எழுதிப் போகிறாள். நாடகம் பார்த்தே பாதி மொழி வந்துவிட்டது, ஆனால் தெரிந்ததெல்லாம் ‘கையை விடு’, ‘ஏன் இப்படிச் செய்தாய்’ போன்றவைதான். பெக்டரிக்கு உதவாது.

மூன்றையும் அவளிடம் காட்டவில்லை. பயம்.

இன்றைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு றிஸ்கானைக் கூப்பிட்டிருந்தோம். எல்லாரும் முன் அறையில் இருக்கிறோம். ஜெஸ்லா அவனிடம் ஒன்றுதான் கேட்டாள். “நீங்க போய் வர்ற மூணு வருஷம் எனக்கு எப்படிப் போகும்னு யோசிச்சீங்களா?”

அவன் தலையைச் சொறிந்தான். “இல்ல. எனக்கு எப்படிப் போகும்னுதான் யோசிச்சேன்.” பிறகு, “இப்ப யோசிக்கிறேன்” என்றான்.

பொய் சொல்லத் தெரியாத பையன். இதற்காக அவனைக் கட்டலாமா, இதற்காகவே விடலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

நானா தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பக் கேட்டார். “மகள், உங்களுக்கு விருப்பமா?”

ஜெஸ்லா தரையைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மூக்கில் நேராக ஏற்றிவிட்டாள். அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். எனக்குள் பியானோ தொடங்கப் பார்த்தது, நிறுத்தச் சொன்னேன். நானும் பேனையை வைக்கிறேன். நீங்களும் மனசுக்குள் ஆம், இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்காமல் கொஞ்சம் பொறுங்கள்.

பிள்ளை வாயைத் திறக்கிறாள்.