விமர்சகர் பாராட்டிய அமைதி

...அந்த ஒரு வரியை மட்டும் அந்த ஆள் எழுதாமல் இருந்திருக்கலாம், மற்றதெல்லாம் சரிதான், காலையில் நாத்தனார் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவந்து, "அண்ணி, நம்மளப் பத்திப் பேப்பர்ல போட்டுட்டாங்க, கேளுங்க, கேளுங்க" என்று மூச்சு வாங்க வாசித்தபோது, பாதி உரித்த வெங்காயத்தோடு இவள் அப்படியே நின்றுவிட்டாள், தலைகால் புரியவில்லை... சின்ன ஊர், பழைய தபால் நிலையக் கட்டடம், எட்டே மேஜைகள், ஆனால் நகரத்துப் பெரிய உணவகங்கள் இங்கே வந்து பாடம் படிக்கலாமாம், பூசணி சூப்புக்கென்று தனியாக ஒரு பத்தி, மீனின் தோல் அப்பளமாய் நொறுங்கியதாம், அதற்குப் பிறகுதான் அந்த வரி. "இங்கே எல்லாவற்றையும்விட ருசியானது அமைதி. பரிமாறுபவர் தட்டை வைக்கிறார், விலகிக்கொள்கிறார், ஒரு வார்த்தை கிடையாது. இந்தப் பக்குவம் எத்தனை பேருக்கு வரும்?" வாசிக்க வாசிக்க நாத்தனாரின் குரல் இறங்கிவிட்டது. கூடத்தில் மேஜை விரிப்பை நீவிக்கொண்டிருந்த அவளுடைய அண்ணன், அதாவது இவளுடைய புருஷன், அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நல்லாத்தான் எழுதியிருக்காரு" என்றார், அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்.

பக்குவமாம்! யாருக்கு, அவருக்கா? ஒரு கிண்ணம் சூப்பை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் அதன் பூர்வோத்தரம் சொல்லாமல் நகர்ந்ததுண்டா அந்த மனிதர், பூசணி எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, ஏன் அதைத் தோலோடு சுட வேண்டும், எல்லாம் சொல்லிக் கடைசியில் அந்தக் கதை, "இது என் மாமியார் போனப்போ இவ மொதல்மொதலா வச்சதுங்க, ஒரு வாரம் இவ தொண்டையில வேற எதுவும் எறங்கல"... சாப்பிட வந்தவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், சிலர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள், அந்தப் பார்வை படும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசும். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் தாங்க முடியாமல் கேட்டே விட்டாள், "எங்கம்மா சாவையும் சேத்துத்தான் பரிமாறணுமா? கொஞ்சம் வாய மூடிட்டுத் தட்ட வைக்கத் தெரியாதா உங்களுக்கு?" அன்றைக்கு மூடியவர்தான். மறுநாளே விமர்சகர் வந்து தொலைய வேண்டுமா, வாரக்கணக்கில் வெளியூர் ஆள் யாரும் எட்டிப்பார்க்காத ஊரில்? இன்றைக்கு இது வராமல் இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் அவரே கோபத்தை மறந்து பேச ஆரம்பித்திருப்பார், அவரால் முடியாது, அது அவளுக்குத் தெரியும், ஆனால் இப்போது அச்சில் ஏறிவிட்டதே, அவருடைய வாய்க்கு ஊரறியப் பூட்டுப் போட்டாகிவிட்டதே... அவள் கேட்டதுதானே, கிடைத்துவிட்டது, பிறகு ஏன் நெஞ்சில் இப்படி ஒரு பாரம்?

மதியம். எட்டு மேஜையும் நிறைந்துவிட்டது, எல்லாம் பேப்பரைப் பார்த்து வந்த கூட்டம், முன்பு தபால்தலை விற்ற சின்ன ஜன்னல் வழியாகத்தான் தட்டுகள் போகும், அதன் வழியாகத்தான் கூடத்துச் சத்தமும் வரும், இன்று ஸ்பூன்களின் சத்தம் மட்டும் வருகிறது, ஜன்னல் திரைகள் மெல்ல ஆடுகின்றன, பூசணியின் ஆவி கண்ணை மறைக்கிறது, எங்கோ தண்ணீருக்கடியில் நின்று சமைப்பதுபோல் இருக்கிறது. மீனைத் திருப்ப வேண்டுமா, இன்னும் ஆகவில்லையா... இத்தனை வருடமும் கடிகாரம் பார்த்ததே இல்லை அவள், அவர் தோட்டத்துக்காரரைப் பற்றிச் சொல்லும்போது மீன் சட்டிக்குள் போகும், மாமியார் கதைக்கு வரும்போது திருப்பிப் போட வேண்டும், மேஜையில் உச்சுக்கொட்டும் சத்தம் கேட்டால் இறக்கிவிடலாம், அவ்வளவுதான் கணக்கு. இத்தனை நாள் குத்துமதிப்பில் ஓட்டியாயிற்று, இன்று இந்தக் கூட்டத்தில் இரண்டு மீன் தீய்ந்துவிட்டது. நாத்தனார் மணி அடிக்கும் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்து அடுப்போரம் வைத்துவிட்டுப் போனாள்.

நாலாம் மேஜையில் ஒரு பெண்ணின் குரல், "இந்த சூப் என்னமோ பண்ணுதுங்க... யாரு சொல்லிக் குடுத்தது?" அவள் கரண்டி நின்றுவிட்டது. சொல்லுங்களேன், சொல்லித் தொலையுங்களேன்... "சாப்பிடுங்க" என்றார் அவர், அவ்வளவுதான், காலடி விலகியது. அந்தப் பெண் விட்டுவிட்டாள், ஸ்பூன்கள் மறுபடி ஓடத் தொடங்கின, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பன்னிரண்டு நாளாக அம்மாவைப் பற்றி இந்தக் கட்டடத்தில் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை, அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அம்மாவைப் பற்றி அவள் பேசியதே இல்லை, அழுகை வந்துவிடும் என்று பேச்சையே மாற்றிவிடுவாள், தினம் மதியமும் இரவும் எட்டு மேஜைக்கும் போய் அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான், அவள் இந்தப் பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு நாள் விடாமல் கேட்டிருக்கிறாள்... கேட்டுக்கொண்டேதான் சமைத்திருக்கிறாளா? அடுத்த கிண்ணத்தை ஜன்னலில் வைத்தாள். அவர் கை வந்தது.

"எந்த மேஜை?" இப்போதெல்லாம் இவ்வளவுதான் பேச்சு.

"ஏழு" என்றாள். சொல்ல வேண்டியது அதுவல்ல, ஆனால் எப்படி ஆரம்பிப்பது, வாயை மூடச் சொல்லத் தெரிந்த அளவுக்குப் பேசச் சொல்லத் தெரியவில்லையே... அவர் கிண்ணத்தை இழுத்தார், வரவில்லை, ஜன்னலுக்குள் குனிந்து பார்த்தார். அவள் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.