முதலில் சொன்னவருக்கே குதிரைக்குட்டி

"ஆண் குழந்தை!"

மூன்றாவது மாடி ஜன்னலில் நர்ஸ் ஒரு வெள்ளைப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி முடிப்பதற்குள் நான் ஓட ஆரம்பித்துவிட்டேன்.

கீழே மருத்துவமனை முற்றத்தில், குழந்தையின் அப்பா எல்தியார் ஒரு பாப்ளார் மரத்தைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தான். ஆறு வருடத் தவம். தட்டிக்கொடுக்கலாம்தான். நேரமில்லை. கண்ணாடிக்குப் பின்னால் நர்ஸ் இன்னும் என்னவோ கத்திக் கையாட்டினாள். நானும் பதிலுக்குக் கையாட்டிவிட்டு வாசலைத் தாண்டினேன்.

ஜீப் தெருவோரம் நின்றது. சாவி போட்டால் கிளம்புகிற ஜாதி இல்லை அது. முன்னால் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்ற வேண்டும். ஒன்று. இரண்டு. மூன்று. பதினான்காவது சுற்றில் இருமியது. பதினேழாவதில் உயிர் வந்தது. தாவி ஏறி கியரைப் போட்டேன்.

எதிர்ப்பக்கக் கதவு திறந்தது.

"மெதுவா, கொழுந்தனாரே. அண்ணி ஏறவேண்டாமா?"

சல்கினாய் அண்ணி. என் அண்ணன் பெண்டாட்டி. எல்தியாரின் மனைவிக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தவள். கையில் ஒரு துணி மூட்டை, முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"நீங்க எங்கே அண்ணி?"

"நீ எங்கே போறியோ அங்கேதான்."

"நான் சும்மா டீசல் போட..."

"உன் ஜீப்பு பெட்ரோல்ல ஓடுறது உலார்."

அண்ணியை இறங்கு என்று சொல்ல முடியுமா? சொல்லிவிட்டு ஊருக்குள் தலைகாட்ட முடியுமா? கிளட்சை விட்டேன். ஜீப் நரின் நகரத்துத் தெருவில் குலுங்கிப் பாய்ந்தது.

குழந்தையின் தாத்தா எசென்குல் மேய்ச்சல் மலையில் இருந்தார். கணவாய்க்கு அந்தப் பக்கம், மூன்று மணி நேரம். தொண்ணூற்றேழாம் வருடத்துக் கோடை அது. டெலிபோன் கம்பி கணவாயின் அடிவாரத்தோடு களைத்துப்போய் நின்றுவிடும். மேலே சேதி போக வேண்டுமென்றால் ஒரு ஆள்தான் போக வேண்டும்.

எங்கள் பக்கம் அந்த ஆளுக்கு ராஜமரியாதை. நல்ல சேதியை முதலில் கொண்டுபோகிறவன் "சுயுஞ்சு!" என்று கத்துவான். கேட்டவர் பரிசு கொடுத்தே தீர வேண்டும். இரண்டாவதாக வருகிறவனுக்கு டீ.

எசென்குல் வசந்தகால விருந்தில் நூறு பேர் முன்னால் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்துச் சொல்லியிருந்தார்: "எனக்குப் பேரன் பொறந்த சேதியை முதல்ல கொண்டு வர்றவன் எதைக் கேட்டாலும் குடுப்பேன். எதைக் கேட்டாலும்!"

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவருடைய கூடாரத்துக்கு முன்னால் கட்டியிருக்கும் சாம்பல் நிறப் பெண் குதிரைக்குட்டி.

அது என்னுடைய குதிரையின் குட்டி. சாம்பல் என்று பெயர் அந்தத் தாய்க் குதிரைக்கு. சேணத்தில் உட்கார்ந்து கிண்ணம் நிறையப் பால் பிடித்துக்கொண்டு போனால் சொட்டுக்கூடச் சிந்தாத நடை. இந்த ஜீப்பை வாங்குவதற்காக அதை எசென்குலிடம் விற்றேன். போன பங்குனிக் குளிரில் குட்டியைப் போட்டுவிட்டுச் சாம்பல் செத்துப்போனது. குட்டியை விலைக்குக் கேட்டு நான்கு முறை மலையேறினேன். நான்கு முறையும் டீ கிடைத்தது.

"எதுக்கு இப்படி ஸ்டீயரிங்கைக் கடிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கே?" என்றாள் அண்ணி.

"அண்ணி, வெளிப்படையாவே கேட்கறேன். நீங்க மேலே போய் என்ன கேக்கப்போறீங்க?"

"நானா?" மூட்டையிலிருந்து சூரியகாந்தி விதையை எடுத்துக் கொறித்தாள். "அந்தச் சாம்பல் குட்டி அழகா இருக்கில்ல?"

ஜீப் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. என் நெஞ்சும்.

"அண்ணி! அது என் சாம்பலோட குட்டி!"

"வித்தவன் யாரு?"

"உங்களுக்கு எதுக்குக் குதிரை? கோழிக்குத் தீனி போடவே அண்ணனை எழுப்புறீங்க!"

"எங்க வீட்டு முற்றத்துல ஒரு சாம்பல் நிறம் குறையுது. உங்கண்ணன் தலை இன்னும் நரைக்கலை."

அண்ணியோடு வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் எங்கள் ஊரில் இல்லை. அண்ணனையே கேளுங்கள். கூட்டுப்பண்ணை கலைந்த பஞ்ச வருடத்தில், அண்ணியின் அம்மா வீட்டுப் டீ கொதிக்கவைக்கிற பித்தளைச் சமோவாரை எசென்குலிடம் கொடுத்து இரண்டு மூட்டை மாவு வாங்கி வந்தார் அண்ணன். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவருக்குத் தகரக் குவளையில் ஆறிய டீதான். மாவில் சுட்ட ரொட்டியை மட்டும் எல்லோரும் சாப்பிட்டோம்.

"சரி அண்ணி. ஒப்பந்தம். ரெண்டு பேரும் ஒண்ணா இறங்குவோம். ஒண்ணா கத்துவோம்."

"சேதி முழுசாத் தெரிஞ்சவங்கதான் கத்தணும்."

"தெரியாம என்ன? பையன்!"

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ரோடு அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, கணவாய் அடிவாரத்தில், என்ஜினிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. தண்ணீர் ஊற்றாமல் ஓட்டினால் வெடிக்கும். நிறுத்த இருந்த ஒரே இடம் முகாஷின் குமிஸ் கடை.

சிக்கல் ஆரம்பம்.

முகாஷிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டால் மூன்று கிண்ணம் குமிஸ் குடிக்காமல் விடமாட்டான். புளித்த குதிரைப்பாலைவிட அவனுக்குப் புளித்த வம்பு பிடிக்கும். போதாததற்கு அவனிடம் ஒரு சிவப்புக் குதிரை உண்டு. ஜீப் போகிற பாதை கணவாயை முப்பத்திரண்டு வளைவில் சுற்றி ஏறும். சிவப்புக் குதிரை நேராக ஏறும்.

"ஒரு வார்த்தை பேசாதே," என்றாள் அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு. "மூஞ்சியைச் செத்த வீட்டுக்குப் போறவன் மாதிரி வெச்சுக்கோ."

வைத்துக்கொண்டேன். என்று நினைத்தேன்.

"அடடா, உலார்! சல்கினாய் அக்கா! எங்கே இந்தப் பக்கம்?" முகாஷ் கிண்ணத்தை நீட்டினான்.

"மேலே எங்க சித்தப்பாவுக்கு முட்டி வலி. மருந்து கொண்டு போறோம்," என்றாள் அண்ணி.

"அப்படியா?" என்னையே பார்த்தான். நான் குடித்தேன். நன்றாகப் புளித்து ஏப்பம் வந்தது. "உலார், நேத்து வெச்ச பால் அது. எப்பவும் காரித் துப்புவே. இன்னிக்குச் சிரிக்கிறே?"

"இல்லையே."

"காது வரைக்கும் சிரிக்கிறே."

கையால் வாயைத் தொட்டுப் பார்த்தேன். உண்மைதான். நர்ஸ் கத்தினதிலிருந்து இந்த வாய் மூடவே இல்லை போலிருக்கிறது.

முகாஷ் இரண்டாவது கிண்ணத்தை நிதானமாக நிரப்பினான். "எசென்குல் மருமக எப்படி இருக்கா?"

"எந்த மருமக?" என்றேன் சட்டென்று.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

எசென்குலுக்கு ஒரே மகன். ஒரே மருமகள். இந்தப் பள்ளத்தாக்கில் மாடுகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது.

அகப்பை கீழே விழுந்தது. முகாஷ் வேலியைத் தாண்டியதை நான் பார்க்கவே இல்லை. சிவப்புக் குதிரையின் முதுகில் அவன் உட்கார்ந்திருந்ததைத்தான் பார்த்தேன்.

"மன்னிச்சுக்கோங்கக்கா! கடையைப் பாத்துக்கோங்க!"

"கடையாவது மண்ணாவது! உலார், வண்டியை எடுடா மடையா!"

பதினாறு சுற்றில் ஜீப் கிளம்பியது. ஒன்றாம் வளைவு. இரண்டாம் வளைவு. மேலே, செங்குத்துச் சரிவில், ஒரு சிவப்புப் புள்ளி ஏறிக்கொண்டிருந்தது.

"எந்த மருமகளாம்! உங்கம்மா உனக்குப் பால் குடுத்தாளா, மோர் குடுத்தாளா?"

"பயத்துல வந்துடுச்சு அண்ணி!"

"பேசாதே! மிதி!"

மிதித்தேன். ஒன்பதாம் வளைவில் ஒரு சக்கரம் காற்றில் நின்றது. அண்ணி கத்தவில்லை, எடை சரியாகட்டும் என்று என் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தாள். இருபதாம் வளைவில் சிவப்புப் புள்ளி எங்களுக்கு நேராக வந்தது. இருபத்தாறில் முகாஷின் தொப்பி தெரிந்தது. முப்பதில் அவனைப் பின்னால் விட்டோம். நான் ஹாரன் அடித்துக் கொண்டாடினேன்.

முப்பத்திரண்டாம் வளைவு திரும்பினால், கணவாயின் உச்சி. அதற்கு அப்பால் பச்சைப் பாய் விரித்த மாதிரிப் புல்வெளி. தூரத்தில் எசென்குலின் வெள்ளைக் கூடாரம்.

நடுவில் ஆடுகள்.

நூறு இருநூறு இல்லை. பாதையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஆடுகள். மேய்ப்பவன் நடுவில் குதிரைமேல் தூங்கி வழிந்துகொண்டிருந்தான். பிரேக் போட்டேன். ஹாரன் அடித்தேன். ஆடுகள் இன்னும் நெருங்கி நின்றன. ஒரு கிடா வந்து முன் விளக்கை நக்கியது.

கதவு சாத்தும் சத்தம். திரும்பினால் அண்ணியைக் காணோம்.

பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடுகளின் முதுகை விலக்கி விலக்கிப் போய்க்கொண்டிருந்தாள். மேய்ப்பவனிடம் என்ன சொன்னாளோ, அவன் பதறி இறங்கினான். நாற்பத்தாறு வயது அண்ணி, ஒரே எம்பில் சேணத்தில்.

"அண்ணி! ஒப்பந்தம்!"

"அது உன்னோட ஒப்பந்தம்! நான் தலையாட்டவே இல்லையே!"

பறந்தாள். அவள் பின்னால் சரிவைத் தாண்டி ஏறிய முகாஷ் "ச்சூ! ச்சூ!" என்று சிவப்பை விரட்டினான். நான் ஜீப்பை ஆடுகளிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்கு. இரண்டு முறை விழுந்தேன். ஒரு முறை ஆட்டின்மேல்.

அந்த ஓட்டத்தில் என் கண்ணுக்கு முன்னால் சாம்பல்தான் நடந்துகொண்டிருந்தது. சொட்டுக்கூடச் சிந்தாமல்.

கூடாரத்தை அடைந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. எசென்குல் தொப்பியை வானத்தில் எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் தாடி வழியாக ஓடியது. வேலையாட்கள் கொழுத்த ஆடு ஒன்றை இழுத்து வந்தார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த முகாஷின் கையில் டீ இருந்தது.

"வாடா உலார்! வா! பேரன்! எனக்குப் பேரன்!" கிழவர் என்னை இறுக்கியதில் விலா எலும்பு முனகியது. "ஆட்டுச் சாணி ஏன்டா தலையில? பரவாயில்லை! டீ குடி!"

ஐந்தாவது டீ.

கண் தானாகக் கயிற்றைத் தேடியது. சாம்பல் குட்டி அங்கேயே கட்டியிருந்தது. காதை என் பக்கம் திருப்பியது. பக்கத்தில் அண்ணி இல்லை. கூடாரத்துக்குள்ளிருந்து வெளியே வந்தாள். இடுப்பில் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டிருந்தது ஒரு பித்தளைச் சமோவார்.

எனக்குப் புரியவில்லை.

"அண்ணி... குட்டியைக் கேட்கலையா?"

"கோழிக்குத் தீனி போடவே ஆளை எழுப்புறவளுக்குக் குதிரை எதுக்கு?" தலைத்துணியின் நுனியால் சமோவாரின் குழாயைத் துடைத்தாள். "எங்கம்மா இதுலதான்டா டீ ஊத்துவா. இன்னிக்கு ராத்திரி உங்கண்ணனுக்குச் சூடா குடுக்கப்போறேன்."

துள்ளிக்கொண்டு கிழவரிடம் போனேன். "பெரியப்பா! அப்படின்னா அந்தக் குட்டியை..."

"டேய் டேய்!" எசென்குல் ஒரு விரலை நீட்டினார். கண்ணில் ஈரம், குரலில் பழைய கறார். "சேதி ஒண்ணு. பரிசு ஒண்ணு. முறைன்னா முறைதான். முதல்ல சொன்னவளுக்குக் குடுத்தாச்சு. முகாஷைப் பாரு, பேசாம டீ குடிக்கலை?"

முகாஷ் பேசாமல் டீ குடித்தான்.

அவ்வளவுதான். நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். குட்டி கயிற்றின் எல்லை வரை வந்து என் தலையிலிருந்த சாணியை முகர்ந்தது. அதன் அம்மாவின் மூக்கு அப்படியே.

அண்ணி சமோவாரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் குந்தினாள்.

"உலார், ஜன்னல்ல நர்ஸ் கையாட்டினாளே, எதுக்குன்னு நினைச்சே?"

"போயிட்டு வான்னு சொன்னா."

"போயிட்டு வான்னு!" அந்தச் சிரிப்பு மறுபடி வந்தது, நகரத்தை விட்டுக் கிளம்பியபோது அவள் முகத்தில் இருந்த அதே சிரிப்பு. "'நில்லுங்க, நில்லுங்க'ன்னு தொண்டை கிழியக் கத்தினா. நீ வாசலைத் தாண்டிட்டே. எல்தியார் மரத்தைக் கட்டிக்கிட்டு அழுதுகிட்டிருந்தான். நான் ஒருத்திதான் நின்னு பாத்தேன்."

"என்னத்தை?"

"கிழவர்கிட்டே நான் பேரனை மட்டும்தான் சொன்னேன். மிச்சம் பாதியை உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்."

என் தோளைப் பிடித்து எழுப்பினாள். எசென்குலின் பக்கம் திருப்பி நிறுத்தினாள். பின்னாலிருந்து காதோரம் குனிந்தாள்.

"போய்க் கத்துடா. 'சுயுஞ்சு! அண்ணனுக்குப் பின்னாலேயே எட்டு நிமிஷத்துல தங்கச்சியும் வந்துட்டா'ன்னு!"